மன்னிக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்தவ சபைத் தகராறுகளைப் பற்றி உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன இயேசுவைக் கும்பிடுகிறவர்கள் எதற்காக முன்சீப் கோர்ட்டில் தொடங்கி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் அலைகிறார்கள் என்று கேட்டிருந்தார். கேலியாகத்தான் கேட்டிருக்கிறார், ஆனாலும் கேள்வி நியாயமானது. சொத்துக்கும் பதவிக்கும் தேர்தலுக்குமாக நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொள்ளும் வழக்குகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். அந்த வழக்குகளுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

நான் எழுத வந்த காரணம் வேறு. அதே கேள்வியை எங்கள் பக்கத்தில் ஓர் ஏழை விதவையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிறவர்கள் வெளியாட்கள் இல்லை, சபைப் பெரியவர்கள்.

திருச்செந்தூரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிராது நகல் எடுப்பது, வாய்தா குறிப்பது, கட்சிக்காரரைச் சமாதானப்படுத்தி டீ வாங்கிக் கொடுப்பது என்று காலம் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைக் கவிழ்த்து எண்ண உட்காருகிறவர்களில் ஒருவனாகவும் இருக்கிறேன். எனவே கடன் பத்திரமும் தெரியும், காணிக்கைக் கவரும் தெரியும்.

விஷயம் இதுதான். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்த ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்கென்று ஏலச்சீட்டு ஒன்றில் சேர்ந்தார். சீட்டு நடத்தியவர் சபைக் காரியங்களில் முன்னால் நிற்கிறவர், ஜெபக்கூட்டத்தில் கண்ணீர் விட்டு ஜெபிக்கிறவர். 1982ஆம் வருடச் சிட்பண்டு சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக் கூடாது. கிராமத்தில் யார் பதிவு எண் கேட்டுவிட்டுச் சீட்டில் சேருகிறார்கள்? ‘நம்ம சபை ஆள்’ என்பதுதான் அங்கே பதிவு எண். சீட்டு பாதியில் நின்றது. நாலு பேர் சேர்ந்து நெருக்கியதில், ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்க்கு அந்த அம்மாவுக்கு ஒரு புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் அந்த அம்மா பணம் கேட்டுப் போகும்போதெல்லாம் பெரியவர்கள் நடுவில் வந்தார்கள். பிரதிஷ்டைப் பண்டிகை முடியட்டும் என்றார்கள். அறுப்பின் பண்டிகை முடியட்டும் என்றார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் கடன் பேச்சு எதற்கு என்றார்கள். கோர்ட்டுக்குப் போகலாமா என்று அவர் வாய் திறந்தபோது, சகோதரன் மேல் சகோதரன் வழக்குப் போடுவதை அப்போஸ்தலன் பவுல் கண்டித்திருக்கிறார், வாசித்துப் பார் என்று அவர் சபைக்கு எழுதிய ஒன்று கொரிந்தியர் நிருபத்தைக் காட்டினார்கள். அவரும் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

இங்கே சட்டம் ஒன்று சொல்ல வேண்டும். கேட்கும்போது கொடுப்பதாக எழுதிய புரோநோட்டுக்குக் காலவரம்பு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். இல்லையென்றால் கடன்காரரிடம் ஐந்நூறோ ஆயிரமோ வாங்கி, புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். வட்டிக்கு விடுகிற எவரும் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சத்துணவுக் கூடத்தில் சாம்பார் வைக்கிறவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பண்டிகை பண்டிகையாகத் தள்ளிப் போட்டதில் மூன்று வருடம் ஓடிப்போனது. பொறுமையாய் இரு என்று சொன்ன பெரியவர்களில் இரண்டு பேர் வட்டிக்குக் கொடுத்து வாங்குகிறவர்கள். காலவரம்பு அவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

இதற்கிடையில் சீட்டுக்காரருக்கு நிலைமை தேறிவிட்டது. மாடி எடுத்தார். ஆலயத்தின் முன்மண்டபத்துக்குக் கிரானைட் தளம் போட்டுக் கொடுத்து, குடும்பத்தார் பெயரோடு சுவரில் கல்வெட்டும் பதித்தாயிற்று. இப்போது கமிட்டித் தேர்தல் வருகிறது. நிற்க ஆசைப்படுகிறார். விதவையின் காசைத் தின்றவர் எப்படி நிற்கலாம் என்று வாலிபர்கள் கேட்டிருக்கிறார்கள். உடனே பெரியவர்கள் ஒரு சாயங்காலம் அந்த அம்மா வீட்டுக்குப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ‘பணம் போனது போகட்டும், மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, பிரச்சினை முடிஞ்சிரும்’ என்று கேட்டிருக்கிறார்கள். சொல்ல மறுத்தால், மற்றவர்களுக்கு மன்னிக்கிறோம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிற பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தகுதி இல்லை என்று ஒருவர் பயமுறுத்தியும் இருக்கிறார்.

அந்த அம்மா என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, நான் பணத்தக் கேட்டா மன்னிக்கலைன்னு அர்த்தமா? இந்த மாசம் திருவிருந்து எடுக்கலாமா கூடாதா?” என்றுதான் கேட்டார். ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குவதைத்தான் திருவிருந்து என்கிறோம். பணம் திரும்ப வருமா என்று அவர் கேட்கவே இல்லை. இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அந்த அம்மா மன்னிக்கவில்லை என்று யார் சொன்னது? சீட்டுக்காரரின் தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்த மாதங்களில், வீட்டுப் பெண்கள் முகம் சுளித்த வேலையை இந்த அம்மாதான் போய்ச் செய்தார். குளிப்பாட்டினார், துணி மாற்றினார். கூலி வாங்கவில்லை. அந்த வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரி இறைக்கவில்லை, ஊர்ப் பொதுக்குழாயில் யாரிடமும் அவரைத் திட்டவில்லை. நான் பார்த்த மன்னிப்புகளில் இதுதான் பெரியது. சீட்டுக்காரர் இதுவரை அவர் முகத்தைப் பார்த்து ‘தப்பு பண்ணிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மன்னிக்க வேண்டியவர் தன் பங்கை என்றைக்கோ முடித்துவிட்டார். இனி நடக்க வேண்டியது கடன்காரர் செய்ய வேண்டியது. அதை விட்டுவிட்டு, முடித்தவரிடமே திரும்பத் திரும்பப் போய் நிற்கிறார்கள்.

பவுலைக் காட்டினார்கள் அல்லவா, அந்த அதிகாரத்தை நானும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று கொரிந்தியர் ஆறாம் அதிகாரம் ஏழாம் வசனம், “ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?” என்று கேட்கிறது. உண்மைதான். விதவைக்கு வாசித்துக் காட்டியது இந்த வசனம். ஆனால் அடுத்த வசனம் “நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள்; சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே” என்று போகிறது. அது சீட்டுக்காரருக்கு உரிய வசனம். அவர் வீட்டுக்கு யாரும் வேதப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனதாகத் தெரியவில்லை. இரண்டு வசனம் மேலே ஐந்தாம் வசனத்தில், சகோதரருடைய வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாவது உங்களுக்குள் இல்லையா என்று பவுல் வெட்கப்படுத்துகிறார். அது பெரியவர்களுக்கு. கோர்ட்டுக்குப் போகாதே என்று சொல்கிற சபை, கோர்ட் செய்கிற வேலையைத் தானே செய்து முடிக்க வேண்டும் என்பதுதான் அந்த அதிகாரத்தின் சாரம். நியாயத்தையும் செய்யாமல் கோர்ட்டுக்கும் விடாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பவுலைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

ஏழெழுபது தரம் என்று இயேசு சொன்னது மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தில். அதை ஒட்டியே கடன்காரன் உவமை வருகிறது. கணக்குப் பார்த்துப் பழகிய கை, அதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிப்பணம் என்பது அந்தக் காலத்தில் கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் வெள்ளிப்பணம். முதல் வேலைக்காரன் ராஜாவுக்குக் கொடுக்க வேண்டியது பதினாயிரம் தாலந்து, அதாவது ஆறு கோடி நாள் கூலி. இன்றைக்கு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால் மூவாயிரம் கோடி ரூபாய் ஆகிறது. அவனுக்கு உடன்வேலைக்காரன் கொடுக்க வேண்டியது நூறு வெள்ளிப்பணம், அதே கணக்கில் 50,000 ரூபாய். பிரசங்கங்களில் இந்த நூறு வெள்ளிப்பணத்தை ஏதோ சில்லறைக் காசு போலச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நூறு நாள் கூலி கூலிக்காரனுக்குச் சில்லறை இல்லை. இயேசுவும் அதைச் சில்லறை என்று சொல்லவில்லை. மூவாயிரம் கோடிக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் அது சின்னதாகத் தெரிகிறது.

அந்த உவமையில் இன்னொன்றும் உண்டு. ராஜா கடனை விட்டுக் கொடுத்தது, கடன் தீர்க்க அவனுக்கு வழி இல்லாதபோது, அவன் காலில் விழுந்து கெஞ்சிய பிறகு. வழி இருந்தும் மாடி கட்டிக்கொண்டிருந்தவனுக்கு அல்ல. பின்னால் அவன் அந்த உடன்வேலைக்காரனுக்கு இரங்காமல் அவனைச் சிறையில் போட்டதைப் பார்த்து அதே ராஜா கணக்கைத் திரும்ப எடுத்ததையும் யாரும் மறக்க வேண்டாம்.

இதை எனக்கு நன்றாகப் புரிய வைத்தவர் பிரசங்கியார் யாரும் இல்லை. எங்கள் வக்கீலிடம் வந்துகொண்டிருந்த கருப்பட்டி வியாபாரி ஒருவர். உடன்குடிப் பக்கத்து ஆள். பனையேறிகளுக்குப் பருவத்துக்கு முன்னால் முன்பணம் கொடுத்து, பருவத்தில் கருப்பட்டியாகக் கழித்துக்கொள்வது அவர் தொழில். கடைசிக் காலத்தில் ஒருநாள் மஞ்சள் பை நிறைய புரோநோட்டுகளோடு வந்தார். மேஜைமேல் பரப்பி இரண்டு அடுக்காகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, ‘இவன் மரத்துல இருந்து விழுந்துட்டான்’, ‘இவன் மொவன் பைத்தியமாத் திரியுதான்’, ‘இவன் நல்லாத்தான் இருக்கான், குடுக்க மனசில்ல’ என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினார். கொடுக்க முடியாதவர்கள் அடுக்கைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடச் சொன்னார். கொடுக்க மனசில்லாதவர்கள் அடுக்குக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னார். ‘இதையும் விட்டுரலாமே ஐயா’ என்று நான்தான் கேட்டேன். ‘விட்டா அவன் அடுத்தவனையும் ஏமாத்துவாம்லே’ என்றார். கிழித்த அடுக்கில் இருந்தவர்களுக்கு அவர் ஆள் சொல்லி அனுப்பக்கூட இல்லை. இனிக் கேட்காமல் இருந்தால் தானாகத் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டார். அவர் எங்கள் சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர் இல்லை. காணிக்கைக் கவரிலும் பெயர் எழுத மாட்டார்.

பழைய ஏற்பாட்டில் உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் ஏழாம் வருடம் கடனை விட்டுவிடச் சொல்லியிருக்கிறதே என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வாதாடினார். சொல்லியிருக்கிறது. அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்தால் கவலைப்படுவது எளியவனைப் பற்றி. எளியவனுக்கு இருதயத்தைக் கடினமாக்காதே, கையை மூடாதே என்கிறது. இங்கே எளியவர் யார்? கிரானைட் போட்டவரா, சாம்பார் வைத்தவரா?

சரி, தவறு செய்தவர் என்ன செய்ய வேண்டும்? அதில் வேதத்தில் மயக்கமே இல்லை. லேவியராகமம் ஆறாம் அதிகாரம், பிறனை வஞ்சித்து வாங்கினவன் முதலையும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறது. குற்றநிவாரண பலியைச் செலுத்துகிற அன்றைக்கே. ஆண்டவருக்குப் பலி, ஏமாந்தவனுக்குப் பணம், இரண்டும் ஒரே நாளில் போக வேண்டும். எங்கள் கணக்கில் 1,60,000த்தோடு 32,000 சேர்த்து 1,92,000 ரூபாய். சகேயு இதையெல்லாம் தாண்டிப் போனவர். ஆயக்காரன், வரி வசூலில் கொள்ளையடித்தவன். இயேசு அவன் வீட்டில் தங்கப் போனார், அதற்கே ஊர் முறுமுறுத்தது. சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். அதைக் கேட்ட பிறகுதான் “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்கிறார் இயேசு. நாலத்தனை, அதாவது நாலு மடங்கு என்றால் எங்கள் ஆளுக்கு 6,40,000 ரூபாய். அவ்வளவு வேண்டாம், அந்த அம்மா முதல் வந்தால் போதும் என்கிறார். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சகேயு ஏழைகளுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டதால், ஏமாந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியது கழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. தர்மத்துக்குத் தனிப் பேரேடு, பாக்கிக்குத் தனிப் பேரேடு வைத்துக்கொண்டான்.

எங்கள் சபைகளில் இந்த இரண்டு பேரேடுகளும் கலந்து போயின என்பதுதான் என் முறையீடு. மலைப்பிரசங்கத்தில் இதற்கு நேரடியான உத்தரவே இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முன்பு அவனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து என்கிறார் இயேசு. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். நடந்து போக வேண்டியவன் காணிக்கையோடு வந்தவன். எங்கள் ஊரில் அதைத் தலைகீழாக்கி, காணிக்கை கொடுத்தவரை உட்கார வைத்துவிட்டு, குறை உள்ளவர் வீட்டுக்குப் பழமும் ரொட்டியுமாக ஆள் போகிறது.

காணிக்கை எண்ணும் மேஜையில் உட்கார்ந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நாலாய் எட்டாய் மடித்து, உள்ளங்கை வியர்வையில் பிசுபிசுத்த பத்து ரூபாய் நோட்டைப் பிரிக்கும்போது இது யாருடையதாக இருக்கும் என்று யோசிப்பேன். பெரும்பாலும் பெண்களுடையதுதான். என் சிறுவயதில் அடுப்படியில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் அந்தப் பிடி குறையாது, எங்கள் சோறுதான் குறையும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, பாளையங்கோட்டையில் 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர். 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அவருடைய தெலுங்கு கிராமச் சபைகளில் கூலிவேலை செய்த பெண்களும் இப்படித்தான் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். மிசோரமில் 1910இல் தொடங்கிய பிடி அரிசிக் காணிக்கை இன்றும் நடக்கிறது, வருடத்துக்குக் கோடிக்கணக்கில் சேர்கிறது. இந்த அரிசியில் எந்தப் பிடி யாருடையது என்று பிரிக்கவே முடியாது. கல்வெட்டு வைக்க இடமில்லாத காணிக்கை அது. இப்போது அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை எட்டாயிரத்துக்கு எடுத்துவிட்டு மைக்கில் தன் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்கிறவர்களையும் பார்க்கிறேன். சந்தோஷமாக ஏலம் எடுப்பதில் தப்பில்லை, பண்டிகைக்குக் களை வேண்டும்தான். ஆனால் வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்றவர் பெயரால் ஒலிபெருக்கி வைத்து இடதுகைக்கு அறிவிப்பது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றிப் பிரசங்கம் கேட்காதவர்கள் எங்களில் இல்லை. மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அந்தச் சம்பவத்துக்கு நேர் முன்னால் உள்ள வசனம், விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றியது. அவர்கள் அதிக ஆக்கினையை அடைவார்கள் என்கிறார் இயேசு. அடுத்த பேச்சிலேயே விதவை வந்து இருந்ததையெல்லாம் போட்டுவிட்டுப் போகிறாள். இரண்டையும் சேர்த்து வாசித்த பிரசங்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை. காணிக்கை வாரத்தில் விதவையின் காசு மட்டும் வருகிறது.

உங்கள் வாசகர் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். மன்னிப்பும் கோர்ட்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறுவர்களையும் ஜீப்போடு எரித்துக் கொன்றார்கள். பிள்ளைகளுக்கு வயது பத்தும் ஆறும். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். சொன்னதோடு நிற்காமல், பாரிப்பாதாவில் தொழுநோயாளிகளுக்குச் செய்துவந்த வேலையை வருடக்கணக்கில் தொடர்ந்து செய்தார். 2005இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வழக்கு அதன் பாதையில் போனது. தூக்கு ஆயுளாகக் குறைந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆயுளை உறுதி செய்தது. தன்னுடைய மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவு வேறு என்பதில் அந்த அம்மாள் தெளிவாக இருந்தார். இலங்கையில் 2019 ஈஸ்டர் அன்று ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்து 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று சொன்ன கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித்தான், உண்மையை வெளியே கொண்டு வாருங்கள் என்று இன்றுவரை அரசாங்கத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறவர். 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்தில் பத்துக் கோடி இலங்கை ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டதால் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மன்னிக்காதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

இவ்வளவு பெரிய காரியங்களுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏலச்சீட்டு சின்ன விஷயம்தான். ஆனால் தினம் நடப்பது இந்தச் சின்ன விஷயம்தானே? குடிகாரப் புருஷனிடம் அடி வாங்குகிற பெண்ணிடம், பாகம் பிரிக்கையில் ஏமாந்த தம்பியிடம், சம்பளப் பாக்கி கேட்கிற வேலைக்காரியிடம் போய் ‘மன்னிச்சிரு’ என்று சொல்ல எங்களில் எப்போதும் நாலு பேர் தயாராக இருக்கிறோம். மறுபக்கத்து வீட்டுக்குப் போக ஆள் கிடைப்பதில்லை. ‘உன் சகோதரன் குற்றஞ்செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் அவனுக்கு மன்னிப்பாயாக’ என்று லூக்கா பதினேழில் இருப்பதில் முதல் வேலை கடிந்துகொள்வது. அது கஷ்டமான வேலை. அவர் மாடி வீட்டுக்காரர், நாளைக்கு நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவர்.

ஒருவருக்காக மன்னிப்புக் கேட்டுப் போவது எப்படி என்பதற்கும் வேதத்தில் மாதிரி இருக்கிறது. பிலேமோனுக்குப் பவுல் எழுதிய சிறிய நிருபம், ஒரே அதிகாரம். எஜமானை விட்டு ஓடிய அடிமை ஒநேசிமுவைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். கேட்கும்போது, “அவன் உமக்கு யாதொரு அநியாயஞ்செய்ததும், உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்” என்கிறார். அதோடு நிற்கவில்லை. பவுலாகிய நானே இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். குமாஸ்தாவாக இருந்து சொல்கிறேன், இது ஜாமீன்தார் எழுதிக் கொடுக்கிற வாசகம். சிறைக்குள் இருந்தபடி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பழமும் ரொட்டியுமாகப் போன பெரியவர்களில் எத்தனை பேர் அப்படி எழுதிக் கொடுப்பார்கள்?

ஒரு சட்ட விவரத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். காலவரம்பு தாண்டினால் வழக்குப் போடும் உரிமைதான் போகிறது, கடன் செத்துப் போவதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, காலம் கடந்த கடனைக் கொடுப்பதாகக் கடன்காரர் இன்றைக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது செல்லும். பழைய பாக்கிக்குப் புதுப் புரோநோட்டு எழுதினால் கோர்ட்டும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே சீட்டுக்காரருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. கமிட்டித் தேர்தலுக்கு மனு கொடுக்கும் முன் அவர் அந்த அம்மா வீட்டுக்குத் தானே நடந்து போகலாம். ஒரே தொகையாக முடியாது என்றால் மாதத் தவணையாக எழுதிக் கொடுக்கலாம். அவர் எழுத மறுத்தால், மன்னிக்கச் சொல்லி வந்த பெரியவர்கள் பவுலைப் போல ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் கணக்கில் ஏற்றுக்கொள்ளலாம். ஐந்து பேர், ஆளுக்கு 32,000 ரூபாய். அதுவரை அவரிடம் புதிய காணிக்கை எதையும் வாங்க வேண்டாம் என்று கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அந்த அம்மாவிடம் திருவிருந்துக்குத் தயங்காமல் போகச் சொல்லிவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் முடிவதற்குள் யாராவது எழுத முன்வந்தால் என் வீட்டுக்கு வரலாம். வாசகம் நான் எழுதித் தருகிறேன், ரெவின்யூ ஸ்டாம்ப் என் செலவு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா,
திருச்செந்தூர் வட்டாரம்.